நடுவில் ஒரு லேப்டாப்

மரியோ கார்ட் டிஎஸ் என்ற கார் பந்தய விளையாட்டு 2005 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது. அந்த வரிசையில் அதற்கு முன்பும் பல பந்தயங்கள் வந்திருந்தன. ஆனால் அவற்றில் எதிராளி நம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதில்தான் ஒசாகாவில் இருக்கும் பையனும் சிகாகோவில் இருக்கும் பெண்ணும் ஒரே ஓடுதளத்தில், ஒரே நேரத்தில் முட்டி மோதிக்கொள்ள முடிந்தது. ஒரு பந்தயத்தில் நான்கு பேர். நான்கு பேருக்கும் நடுவே ஒரு பெருங்கடல்கூட இருக்கலாம்.

அவர்கள் கையில் இருந்த நிண்டெண்டோ டிஎஸ் கருவியைப் பிரித்துப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். உள்ளே இரண்டு ஏஆர்எம் செயலிகள். ஒன்றின் வேகம் 67 மெகாஹெர்ட்ஸ், மற்றதின் வேகம் 33. நினைவகம் 4 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தை வைக்கக்கூட அந்த இடம் போதாமல் போகலாம். கம்பி செருக லேன் துளை கிடையாது. தொலைதூரத்தோடு பேச அதற்கு இருந்த ஒரே வழி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைதான்.

அன்றைக்குப் பல வீடுகளில் இணையம் அலையாக வரவில்லை. சுவரிலிருந்து மோடம், மோடத்திலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு கணினி என்பதோடு முடிந்துவிடும். ஹோட்டல் அறைகளிலும் மேசையோரம் ஒரு லேன் துளை இருக்கும், அவ்வளவுதான். இணையம் கம்பியில் வந்து நிற்கிறது. விளையாட்டுக் கருவிக்கோ அலை மட்டும்தான் தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே பொருள் நடுவில் இருக்கும் லேப்டாப்.

நிண்டெண்டோ இந்தச் சிக்கலை எதிர்பார்த்தே இருந்தது. ஆன்லைன் சேவையைத் தொடங்கிய அதே நவம்பரில் ஒரு சிறிய யுஎஸ்பி ஸ்டிக்கையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பஃபலோ நிறுவனம் தயாரித்த அந்த ஸ்டிக்கை விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் செருகினால், ஒரே நேரத்தில் 5 டிஎஸ் கருவிகள் வரை அதன் வழியாக இணையத்தை எட்டலாம். லேப்டாப்பில்தான் வைஃபை ஏற்கெனவே இருக்கிறதே, அதை வைத்தே முடியாதா என்று கேட்டவர்கள் ஸ்டிக் வாங்காமல் முயன்று பார்த்தார்கள். முடியும். ஆனால் அதற்கு லேப்டாப் தான் பழகாத சில வேலைகளைச் செய்தாக வேண்டும். கருவியின் திரையில் இணைப்புச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்த்தால், இணையம் என்ற ஏற்பாடே எதை நம்பி நிற்கிறது என்பது புரியும்.

முதலில் அலையைப் பார்ப்போம். ரவுட்டர் என்பது ஓயாமல் தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும் ஒரு நிலையம். 102.4 மில்லிநொடிக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை, தன் பெயர் என்ன, எந்தெந்த வேகத்தில் பேசும், எந்தப் பூட்டு போட்டிருக்கிறது என்ற விவரங்களை ஒரு சிறு பாக்கெட்டில் வைத்துக் காற்றில் விடுவது வழக்கம். லேப்டாப் வழக்கமாக அதைக் கேட்கும் பக்கத்தில் இருக்கும். விளையாட்டுக் கருவிக்கு இணையம் தர வேண்டுமென்றால் லேப்டாப்பே அறிவிக்கும் பக்கத்துக்கு மாற வேண்டும். கருவியில் தேடல் பொத்தானைத் தொட்டதும் அது ஒவ்வொரு அலைத்தடமாக நின்று கேட்கிறது. லேப்டாப்பின் அறிவிப்பு காதில் விழுந்ததும் அதன் பெயரைத் திரையில் காட்டுகிறது.

இந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அமெரிக்கா இந்த அலைப்பட்டையை 1985-இலேயே உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. இந்தியாவில் அதற்கான விதிகள் 2005-இல் வெளிவந்தன. யாருடைய அனுமதியும் கேட்காமல் எல்லோரும் பயன்படுத்தும் பட்டை என்பதால் அங்கே இரைச்சலும் அதிகம். பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் கூச்சலிடுகின்றன. அந்தக் கூச்சலுக்குள் தன் குரல் தொலையாமல் இருக்க டிஎஸ் ஒரு பழைய உத்தியைக் கையாள்கிறது. அது நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட் வேகத்தில் மட்டுமே பேசக்கூடியது. அந்த நிதானமான வேகங்களில் ஒவ்வொரு குறியீடும் 11 சிறு துடிப்புகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. பார்க்கர் வரிசை என்ற நிலையான அடுக்கில் அந்தத் துடிப்புகள் வரும். கேட்கும் முனைக்கு அந்த அடுக்கு முன்கூட்டியே தெரியும்; ஆகவே 11 துடிப்புகளில் ஒன்றிரண்டு இரைச்சலில் சிதைந்தாலும் அது அடையாளம் கண்டுகொள்கிறது. வேகத்தை விட்டுக்கொடுத்துத் தெளிவை வாங்கும் வழி இது. பந்தயக் காரின் இடம், திசை, வேகம் போன்ற சில எண்களை அனுப்ப 1 மெகாபிட் தாராளம்.

லேப்டாப்பை நிலையமாக மாற்றுவது அன்றைக்கு எளிதாக இருக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் நாலைந்து கிளிக்குகளில் ஒரு வைஃபை வலையமைப்பை உண்டாக்கிவிடலாம். ஆனால் அது ஆட்-ஹாக் வகை: யாரும் நிலையம் இல்லை, எல்லோரும் சமம், ஆளுக்கு ஆள் நேராகப் பேசிக்கொள்ள வேண்டியதுதான். டிஎஸ் இணையத்துக்குப் போக அந்த வகையை ஏற்கவில்லை. சோனியின் பிஎஸ்பி கருவியிலும் ஆட்-ஹாக் என்பது பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிஎஸ்பியோடு விளையாடுவதற்கே. இணையத்துக்கு நிலையம் வேண்டும். லேப்டாப்பில் வலையமைப்பு தெரிகிறது, கருவி மட்டும் அதில் சேர மறுக்கிறது என்று அந்நாளில் பலர் திணறியதற்குக் காரணம் இதுதான்.

நிலையம் ஏன் அவ்வளவு முக்கியம்? அது செய்யும் ஒரு வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதல் டிஎஸ்ஸின் பேட்டரி 850 மில்லி ஆம்பியர்-மணி. ரேடியோவை எந்நேரமும் விழித்திருக்க விட்டால் பேட்டரி விரைவில் தீர்ந்துபோகும். வைஃபையின் விதிமுறை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 'நான் தூங்கப் போகிறேன்' என்று நிலையத்திடம் சொல்லிவிட்டு ஒரு கருவி தன் ரேடியோவை அணைத்துவிடலாம். அந்த நேரத்தில் அதற்கு வரும் பாக்கெட்டுகளை நிலையம் தன்னிடமே வாங்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த அறிவிப்பை வெளியிடும்போது, யார் யாருக்கெல்லாம் பாக்கெட் காத்திருக்கிறது என்ற பட்டியலையும் அதிலேயே சேர்த்துவிடுகிறது. அறிவிப்பு வரும் கணத்தில் மட்டும் கருவி விழித்துப் பார்க்கும். பட்டியலில் தன் எண் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் மறுபடி தூங்கிவிடும். எல்லாம் நொடியின் சிறு பின்னங்களில் நடக்கிறது. வைஃபையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அடுத்தவர் தூங்குவார் என்று எதிர்பார்த்து, அவருக்காகக் காத்திருப்பதையும் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பொறுப்பையெல்லாம் லேப்டாப்பின் வைஃபை அட்டை ஏற்க வேண்டுமென்றால் அதன் டிரைவர் மென்பொருள் அதற்கென எழுதப்பட்டிருக்க வேண்டும். சில அட்டைகளுக்கு அப்படி இருந்தது, பலவற்றுக்கு இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. ஹோட்டலில் இணையமே வைஃபையாகத்தான் வருகிறது என்றால், ஒரே ரேடியோ ஒரு பக்கம் ஹோட்டலுக்கு வாடிக்கையாளராகவும் மறுபக்கம் விளையாட்டுக் கருவிக்கு நிலையமாகவும் இருக்க வேண்டும். ஒரே அட்டையைப் பல வலையமைப்புகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வழியை ரன்வீர் சந்திரா, பரம்வீர் பால், பிரதீப் பால் மூவரும் 2004-இல் மல்டிநெட் என்ற ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தோடு சேர்ந்து நடந்த வேலை அது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் அந்த எண்ணம் பொதுமக்கள் கைக்கு வந்தது. எந்தக் கூடுதல் ஸ்டிக்கும் இல்லாமல் லேப்டாப்பே ஒரு நிலையமாக நிற்க முடிந்தது.

அப்படியென்றால் 2009-க்குப் பிறகு டிஎஸ்ஸின் பாடு எளிதாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. காரணம், பூட்டு.

வைஃபைக்கு முதலில் கொடுக்கப்பட்ட பூட்டின் பெயர் வெப். 1997-ஆம் ஆண்டின் தரத்திலேயே அது இருந்தது. ரகசியக் கடவுச்சொல்லோடு ஒரு 24 பிட் எண்ணைச் சேர்த்து, அந்தச் சேர்க்கையிலிருந்து ஓர் எண் தொடரை உண்டாக்கி, அந்தத் தொடரைச் செய்தியின் மேல் கலந்து அனுப்புவது அதன் முறை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்த 24 பிட் எண் மாறும், எண் வெளிப்படையாகவே போகும். மொத்தம் 1,67,77,216 எண்கள்தான் இருக்கின்றன. பெரிய தொகை போலத் தோன்றும். ஆனால் எண்களைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் சுமார் 4,800 பாக்கெட்டுகளுக்குள் ஏதோ ஓர் எண் இரண்டாம் முறை வந்துவிட பாதிக்குப் பாதி வாய்ப்பு. எண் திரும்பினால் தொடரும் அப்படியே திரும்பும். இரண்டு செய்திகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாலே உள்ளே இருப்பது கசியத் தொடங்கும். 2001-இல் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் ஆகிய மூவர் இதைவிட ஆழமான ஓட்டையைக் கண்டார்கள்: போதுமான பாக்கெட்டுகளைச் சேர்த்தால் கடவுச்சொல்லையே கணக்கிட்டு எடுத்துவிடலாம். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தினர் அந்த வேலையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துக் காட்டினார்கள்.

வெப்புக்கு மாற்றாக டபிள்யூபிஏ 2003-இல் வந்துவிட்டது. டபிள்யூபிஏ2-க்கு அடிப்படையான, அதைவிட உறுதியான தரம் 2004 ஜூனில் ஒப்புதல் பெற்றது. டிஎஸ் கடைக்கு வந்தது 2004 நவம்பரில். ஆனாலும் அதற்குத் தெரிந்த பூட்டு வெப் ஒன்றுதான். வன்பொருள் முன்பே முடிவாகியிருக்கும் என்பது புரிகிறது. என்றாலும், உடைந்துவிட்டது என்று மூன்று ஆண்டுகளாக உலகுக்கே தெரிந்த பூட்டோடு பல கோடிக் குழந்தைகளின் கைக்குப் போகும் ஒரு கருவி வெளியானதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை.

அதைப் பின்னால் திருத்தவும் வழியில்லாமல் போனதுதான் இன்னும் வருத்தம். பிஎஸ்பிக்கு 2005-இல் வந்த மென்பொருள் புதுப்பிப்பில் டபிள்யூபிஏ சேர்ந்துவிட்டது. டிஎஸ்ஸில் இணையத்தோடு பேசும் மென்பொருள் கருவிக்குள் இல்லை; ஒவ்வொரு விளையாட்டின் கார்ட்ரிட்ஜுக்குள்ளும் ஒரு பிரதியாகப் பதிந்திருந்தது. தொழிற்சாலையில் எழுதப்பட்டு உறைந்துவிட்ட அதை யாராலும் மாற்ற முடியாது. 2008-இல் வந்த டிஎஸ்ஐ கருவிக்கு டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 இரண்டும் தெரியும். ஆனால் அதே கருவியில் பழைய டிஎஸ் கார்ட்ரிட்ஜைச் செருகினால் வெப் தவிர வேறு எதுவும் செல்லாது.

மறுபக்கம், விண்டோஸ் 7 தன் நிலையத்துக்கு டபிள்யூபிஏ2 பூட்டை மட்டுமே அனுமதித்தது. பழைய பூட்டு வேண்டும் என்று கேட்டாலும் கொடுக்காது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவு, சந்தேகமே இல்லை. அதன் விளைவாக, லேப்டாப் நிலையமாக நிற்பது எளிதான அந்த ஆண்டிலேயே டிஎஸ் அதற்குள் நுழைய முடியாமல் போனது. அலை ஒன்றேதான், பேசும் முறையும் பொருந்துகிறது, பூட்டும் சாவியும் மட்டும் வேறு வேறு தலைமுறை. இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் வெப் இல்லை. 1, 2 மெகாபிட் வேகங்களை அடியோடு நிறுத்திவிட்டவையும் உண்டு. அதனால்தான் இந்தப் பழைய கருவிகளை நேசிப்பவர்களுக்கு லேப்டாப் இன்றும் தேவைப்படுகிறது. லினக்ஸில் ஹோஸ்ட்-ஏபி-டி என்ற மென்பொருளைக் கொண்டு பூட்டே இல்லாத ஒரு தனி ஹாட்ஸ்பாட் திறந்து, விளையாடி முடித்ததும் மூடிவிடுகிறார்கள். பூட்டில்லாத வாசலைத் திறந்து வைத்திருக்கும் நேரம் குறைவாக இருப்பதே அங்கே பாதுகாப்பு. வீட்டு வலையமைப்பு முழுவதையும் வெப்புக்கு இறக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, கருவி உள்ளே வந்துவிட்டது. இப்போது அதற்கு முகவரி வேண்டும். தன் முகவரியே தெரியாத ஒன்று எப்படிக் கேட்கும்? அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் போட்டு ஒரு பாக்கெட்டை விடுகிறது: இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று பொருள். லேப்டாப் ஒரு முகவரியை முன்மொழிகிறது. அதையே தாருங்கள் என்று கருவி கேட்கிறது. தந்தேன் என்று லேப்டாப் உறுதி செய்கிறது. நான்கு பாக்கெட்டுகளில் பேரம் முடிந்துவிடும். விண்டோஸ் 7 என்றால் லேப்டாப் தனக்கு 192.168.137.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு, கருவிக்கு அதே வரிசையில் வேறோர் எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்கு இரவல் தரும். விண்டோஸில் இந்தப் பகிர்வு ஏற்பாடு 1999-இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் இணையத்தில் செல்லாதவை. உலகில் எந்த வீட்டிலும் யாரும் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-இல் ஒதுக்கிய தனியார் முகவரிகள் அவை. என் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம். அப்படிப்பட்ட முகவரியோடு ஒரு பாக்கெட் ஜப்பானுக்குப் போனால் பதில் எங்கே திரும்பி வரும்?

அந்தக் காலத்து ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண்தான், உள்ளே பத்துக் குடும்பங்கள். வீட்டுக்காரர் வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்திலும் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் கதவு எண்ணை எழுதி, ஓரத்தில் ஓர் அடையாள எண்ணும் போட்டு அனுப்புகிறார். எந்த அடையாள எண் எந்தக் குடும்பத்துக்கு என்று தன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் எண்ணைப் பார்த்து உரிய அறைக்குக் கொடுத்துவிடுகிறார். கடிதம் எழுதியவருக்கும் இந்த மாற்றம் தெரியாது, பதில் எழுதியவருக்கும் தெரியாது.

லேப்டாப் செய்வது இதையேதான். கருவியின் பாக்கெட் வந்ததும் அனுப்புநர் முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளி முகவரியைப் போடுகிறது. அடையாள எண்ணாக 65,536 போர்ட் எண்களில் ஒன்றைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் சரிபார்ப்புத் தொகை ஒன்று இருக்கும். முகவரி மாறினால் தொகையும் பொய்யாகிவிடும் என்பதால் அதையும் மறுபடி கணக்கிட்டு எழுத வேண்டும். பிறகு தன் அட்டவணையில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறது: உள்ளே இந்த முகவரி, இந்தப் போர்ட், வெளியே இந்தப் போர்ட், போகிற இடம் இது. பந்தயம் நடக்கும்போது ஒவ்வொரு நொடியும் பல பாக்கெட்டுகளுக்கு இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த முறையை எகெவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் 1994 மே மாதம் ஓர் ஆவணமாக வெளியிட்டார்கள். இணைய முகவரிகள் மொத்தம் 429 கோடிதான், சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற கவலை அப்போதே இருந்தது. முகவரிகளை இன்னும் நீளமாக்கும் பெரிய தீர்வு வரும் வரைக்கும் ஒரு குறுகிய காலத் தீர்வு என்றுதான் அவர்கள் இதை முன்வைத்தார்கள். உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. தற்காலிகத் தீர்வு இன்றும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹோட்டலில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. அங்கே இணையம் கிடைக்க முதலில் ஒரு பக்கம் திறக்கும். அறை எண்ணையும் பெயரையும் அதில் நிரப்பினால்தான் வழி விடும். டிஎஸ்ஸோடு இணைய உலாவி சேர்ந்து வரவில்லை. ஓபெரா நிறுவனத்தின் உலாவி 2006-இல் தனிக் கார்ட்ரிட்ஜாக ஜப்பானில் வந்தது. பந்தயக் கார்ட்ரிட்ஜ் செருகியிருக்கும்போது அந்தப் பக்கத்தை நிரப்பக் கருவிக்கு வழியே இல்லை. லேப்டாப்பில் நாமே நிரப்பிவிட்டால் போதும், ஹோட்டலின் கண்ணுக்கு அறையில் இருப்பது ஒரே ஓர் இயந்திரம். கருவியின் பாக்கெட்டுகள் எல்லாம் லேப்டாப்பின் பெயரில்தான் வெளியே வருகின்றன.

ஆனாலும் கருவி முழுக்க மறைந்துவிடுவதில்லை, ஒரு தடயம் மிஞ்சும். ஒவ்வொரு பாக்கெட்டும் ஓர் ஆயுள் எண்ணோடு கிளம்பும். வழியில் ஒவ்வொரு இயந்திரத்தைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். வழிதவறிய பாக்கெட்டுகள் உலகெங்கும் சுற்றிக்கொண்டே இருக்காமல் செத்துப்போக அந்த ஏற்பாடு. லேப்டாப் வழியாகப் போவதால் 64 என்று கிளம்பியது வெளியே 63 என்று வரும். யாராவது இணைப்பைப் பகிர்கிறார்களா என்று இந்த ஒற்றை எண்ணை வைத்தே கண்டுபிடிக்கும் கைப்பேசி நிறுவனங்களும் உண்டு.

இதுவரை பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. கருவிக்குத் தெரிந்தது லேப்டாப்பை மட்டும். லேப்டாப்புக்குத் தெரிந்தது கருவியும், தனக்கு மேலே இருக்கும் அடுத்த ரவுட்டரும். அந்த ரவுட்டருக்கு லேப்டாப் தெரியும், உள்ளே ஒரு விளையாட்டுக் கருவி இருப்பது தெரியாது. சங்கிலியில் எந்தக் கண்ணிக்கும் முழுச் சங்கிலி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொன்றும் அடுத்ததைச் சரியாக அறிந்திருந்தால் போதும் என்று வடிவமைத்ததால்தான் 4 மெகாபைட் நினைவகம் கொண்ட ஒரு விளையாட்டுப் பொருள் உலக வலையமைப்பில் உறுப்பினராக முடிந்தது.

இந்த அறியாமை விளையாட்டில் ஓரிடத்தில் சிக்கலாகிறது. பந்தயத்துக்கு நான்கு பேரைச் சேர்த்துவிட்டது நிண்டெண்டோவின் சர்வர். சேர்ந்த பிறகு கருவிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு அசைவும் சர்வர் வழியாகச் சுற்றி வந்தால் தாமதமாகிவிடும் அல்லவா? ஆனால் இரண்டு கருவிகளும் ஆளுக்கொரு அட்டவணைக்குப் பின்னால் இருக்கின்றன. ஒசாகாவிலிருந்து ஒரு பாக்கெட் சிகாகோ லேப்டாப்பின் வாசலுக்கு வருகிறது. லேப்டாப் தன் அட்டவணையைப் பார்க்கிறது. உள்ளிருந்து யாரும் ஒசாகாவுக்கு எழுதியதாக வரி இல்லை. கேட்காமல் வந்தது என்று பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. மறுமுனையிலும் அதே கதை. உள்ளிருந்து தொடங்கும் பேச்சுக்காகவே அமைத்த முறையில், இருவருமே உள்ளே இருந்தால் யார் முதலில் தொடங்குவது?

இதற்குக் கண்டுபிடித்த விடை மிக நுட்பமானது. இரு கருவிகளும் முதலில் பொதுவான ஒரு சர்வரிடம் பேசுகின்றன. சர்வருக்கு இருவரின் வெளி முகவரியும் போர்ட்டும் தெரிந்துவிடும். அதை எதிரெதிராக இருவருக்கும் சொல்லிவிடுகிறது. உடனே இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் பாக்கெட் விடுகிறார்கள். சிகாகோவிலிருந்து கிளம்பிய பாக்கெட் ஒசாகாவில் நிராகரிக்கப்படலாம், பரவாயில்லை. அது கிளம்பும்போதே சிகாகோ லேப்டாப்பின் அட்டவணையில் 'ஒசாகாவுக்கு எழுதியிருக்கிறோம்' என்ற வரி விழுந்துவிட்டது. இப்போது ஒசாகாவிலிருந்து வரும் பாக்கெட் அந்த வரிக்கான பதில் போலவே தோன்றி உள்ளே நுழைந்துவிடும். முதல் பாக்கெட்டின் வேலை போய்ச் சேர்வதே இல்லை, தன் வீட்டு வாசலை உள்ளிருந்து திறந்துவிட்டுப் போவதுதான். பிரையன் ஃபோர்ட், பைடா ஸ்ரீசுரேஷ், டான் கெகல் மூவரும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில் பல்வேறு முகவரி மாற்றிகளைச் சோதித்தபோது, யுடிபி எனப்படும் வகைப் பாக்கெட்டுகளுக்கு இந்த உத்தி சுமார் 82 சதவீதத்தில் பலித்தது.

மீதி இடங்களில் ஏன் பலிக்கவில்லை? சில மாற்றிகள் போகும் இடத்துக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் புதுப் போர்ட் எண் கொடுக்கும். சர்வரிடம் பேசியபோது இருந்த எண் வேறு, ஒசாகாவிடம் பேசும்போது கிடைக்கும் எண் வேறு. சர்வர் சொன்ன எண் அங்கே பயனற்றது. லேப்டாப்பை நடுவில் வைக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. லேப்டாப்பில் ஒரு மாற்றம், அதற்கு மேலே வீட்டு ரவுட்டரில் இன்னொரு மாற்றம், சமயங்களில் இணைய நிறுவனத்திடம் மூன்றாவது மாற்றம். இவற்றில் ஒன்று முரண்டு பிடித்தாலும் இணைப்புச் சோதனை வெற்றி என்று வரும், பந்தயத்தில் மட்டும் ஆள் சேராது. பேச்சு நின்றுபோனால் அட்டவணையின் வரியும் சில பத்து நொடிகளிலோ சில நிமிடங்களிலோ அழிந்துவிடும் என்பதால், இரு முனைகளும் அவ்வப்போது ஏதாவது அனுப்பிக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

நிண்டெண்டோ இந்தச் சேவையை 2014 மே 20 அன்று நிறுத்தியது. விளையாட்டு ரசிகர்கள் தாமே சர்வர்களை எழுதி நிறுவிவிட்டார்கள். வீம்ஃபி என்பது அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. கார்ட்ரிட்ஜில் உறைந்த நிரலோ இன்னும் நிண்டெண்டோவின் பெயரைத்தான் தேடுகிறது. அதைத் திசை திருப்ப உதவியது டிஎன்எஸ், அதாவது ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரிய முகவரி எண்ணைத் தரும் சேவை. எந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்பதைக் கருவியின் அமைப்புப் பக்கத்திலேயே மாற்றலாம். அங்கே ரசிகர்களின் டிஎன்எஸ் எண்ணைக் கொடுத்துவிட்டால், நிண்டெண்டோவின் சர்வர் எங்கே என்ற கேள்விக்குப் புதிய சர்வரின் முகவரி பதிலாக வரும். சில சேவைகளுக்கு, சர்வர் உண்மையானதுதானா என்று பார்க்கும் சான்றிதழ்ச் சரிபார்ப்பையும் கடக்க வேண்டியிருந்தது. டிஎஸ்ஸின் சரிபார்ப்பில் இருந்த ஓர் ஓட்டை பின்னர் அதற்கும் வழி கொடுத்தது.

சேவை உயிரோடு இருந்தபோதே சிலர் இந்த உத்தியை லேப்டாப்புக்குள் கொண்டுவந்திருந்தார்கள். 2006-இல் ஜப்பானில் வெளியான போக்கிமான் டயமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் உலகெங்கும் உள்ளவர்களோடு போக்கிமான்களை மாற்றிக்கொள்ளும் நிலையம் ஒன்று இருந்தது. லேப்டாப்பில் ஒரு சிறு நிரலை ஓடவிட்டு, கருவியின் டிஎன்எஸ்ஸாக அந்த லேப்டாப்பையே காட்டினால், அந்தப் பரிமாற்ற நிலையத்தின் முகவரியைக் கேட்கும் கருவிக்கு லேப்டாப் தன் சொந்த முகவரியையே பதிலாகத் தரும். கருவி ஜப்பானோடு பேசுவதாக எண்ணிக்கொண்டு தன் போக்கிமானை அனுப்பும். அது மேசையைத் தாண்டாமல் லேப்டாப்பில் ஒரு சிறு கோப்பாக வந்து இறங்கும்.

புதிய சர்வருக்கு மாறும்போது லேப்டாப்பின் பகிர்வில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. அதே அறிவிப்பு, அதே இரவல் முகவரி, அதே திருத்தம். அட்டவணையில் போகிற இடம் என்ற பத்தியில் மட்டும் வேறோர் எண் வந்து உட்காருகிறது.